வட்டவடையில் புது வீடு: தரைக்கடியில் சூடா, சுவரில் ரேடியேட்டரா? எது கட்டுப்படியாகும்?

வட்டவடை புதுமனை

எல்லாருக்கும் வணக்கம். கேரளா, இடுக்கி மலையில இருக்கிற வட்டவடையில வீடு கட்டிட்டு இருக்கோம். ஒரே தளம், 1,400 சதுர அடி, மூணு படுக்கையறை, ஒரு ஹால். பேஸ்மெண்ட் முடிஞ்சு மண் நிரப்பி திமிசு போட்டாச்சு. சுவர் இன்னும் எழும்பல. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டிருச்சு. மார்கழி, தையில ராத்திரி தரையில கால் வைக்க முடியாது.

ரெண்டு கொட்டேஷன் கையில இருக்கு. சூடு வேண்டிய பரப்பு 900 சதுர அடி. தரைக்கடியில வெந்நீர்க் குழாய் ஓட்டுறதுக்கு 4,20,000. வெந்நீர் உள்ளே ஓடற இரும்பு பேனல் ரேடியேட்டர் ஏழு மாட்டுறதுக்கு 2,35,000. ரெண்டுக்குமே தண்ணி சூடாக்க 8 கிலோவாட் ஹீட் பம்ப் தனியா 3,60,000. சுவர் 8 இஞ்ச் சாலிட் பிளாக், மேல கான்கிரீட், ஜன்னல் ஒத்தைக் கண்ணாடி. இதுல எதை எடுத்தா லாபம்?

வெப்பக்கணக்கு

கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. முதல்ல வீடு எவ்வளவு சூட்டை இழக்குதுன்னு பார்த்துடுவோம். அது தெரியாம போட்ட எந்த விலையும் குத்துமதிப்புதான்.

12க்கு 14 அடி மூலை அறை ஒண்ணு எடுத்துக்குவோம். 10 அடி உயரம், ரெண்டு பக்கம் வெளிச்சுவர், 4க்கு 4 அடியில ரெண்டு ஜன்னல். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேணும், வித்தியாசம் 15. நீங்க சொன்ன மாதிரியே கட்டினா சுவர் வழியா சுமார் 860 வாட் போகும். மேல் கான்கிரீட் வழியா 820, ஜன்னல் கண்ணாடியில 260, சந்து இடுக்குல நுழையற குளிர்காத்தால 350, தரைக்குள்ள ஒரு 100. மொத்தம் ஏறக்குறைய 2,400 வாட். அறை 15.6 சதுர மீட்டர்; அப்போ சதுர மீட்டருக்கு 150 வாட்டுக்கு மேல.

தரைச் சூட்டுக்கு ஒரு வரம்பு இருக்கு. ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 1264 ஆள் புழங்கற தரையோட மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாதுங்குது. அதுக்கு மேல போனா பாதத்துக்கே ஆகாது. 29 டிகிரி தரை 20 டிகிரி அறைக்குத் தரக்கூடியது சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட். உங்க அறை கேக்கறது 150. அதாவது 4,20,000 செலவு பண்ணிக் குழாய் போட்டும் தை மாசக் கடுங்குளிர்ல அறை 20 டிகிரியைத் தொடாது. "தரைச் சூடு போட்டோம், சூடே வரல"ன்னு வர்ற புகார்ல பெரும்பாலானது இதுதான். குழாயில பழுது இருக்காது, வீட்டுல இருந்து சூடு ஒழுகிட்டு இருக்கும்.

இப்ப மூணு மாத்தம் பண்ணுங்க. கூரைமேல 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (சூட்டை வெளியே விடாத நுரைப் பலகை) போட்டா 820 வாட் 130க்கு இறங்கிடும். 8 இஞ்ச் சாலிட் பிளாக்குக்குப் பதில் அதே கனத்துல ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காத்துக் குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்) வெச்சா 860 வாட் 240 ஆகும். இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவு ஜன்னலுக்கு ரப்பர் பீடிங் வெச்சா கண்ணாடியில 130, காத்துல 235. மொத்தம் 830 வாட்தான். 2,400 எங்கே, 830 எங்கே! சுவர் எழும்பாத நிலையில நீங்க இருக்கிறது பெரிய வரம். இதை விட்டுடாதீங்க.

பழத்தோட்டம் மேஸ்திரி

வெப்பக்கணக்கு அண்ணன் சொன்னது சரி. வேலைப் பக்கத்துல இருந்து நாலு விஷயம் சேர்க்கிறேன்.

ஏ.ஏ.சி. கல் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வரணும். லோடு இறக்கும்போது மூலை உடையும், நூத்துக்கு அஞ்சு கல் கழியும்னு வெச்சுக்கோங்க. சாதா சிமெண்ட் கலவையில கட்டாதீங்க. அதுக்குன்னு வர்ற பிளாக் பசையில 3 மி.மீ. இணைப்பாக் கட்டணும். தடிமனாக் கலவை வெச்சா அந்தக் கோடு வழியாவே குளிர் இறங்கும். இந்தக் கல் தண்ணியைக் குடிக்கும். அதனால தரையிலிருந்து முதல் ரெண்டு வரி சாலிட் பிளாக், அதுமேல ஈரத்தடுப்பு, பிறகு ஏ.ஏ.சி. வெளிப்பூச்சுல நீர்த்தடுப்பு கண்டிப்பா வேணும். நம்ம மழைக்கு வெறும் பூச்சு தாங்காது. கனமான அலமாரி மாட்டற இடத்தை இப்பவே சொல்லிட்டா அங்க மட்டும் சாலிட் பிளாக் வெச்சுடலாம்.

கூரைக்கு இன்னொரு சுலப வழி. நம்ம பக்கம் மழைக்காக எப்படியும் கான்கிரீட்டுக்கு மேல ட்ரஸ் (கூரைச் சட்டம்) அடிச்சு ஷீட் போடறோம். அந்த ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல இடம் நனையாம சும்மா கிடக்குது. எக்ஸ்.பி.எஸ். பலகையை அங்க இடைவெளி இல்லாம விரிச்சு, இணைப்புல டேப் ஒட்டி, நடக்கற பாதையில மட்டும் சிமெண்ட் போர்டு போட்டா முடிஞ்சது. மேல் ஸ்கிரீட் (சிமெண்ட் மணல் கலவைத் தளம்) வேண்டாம், வாட்டர்ப்ரூஃபிங் தனியா வேண்டாம். எலி வராம ஷீட் ஓரத்துல வலை அடிச்சுடுங்க.

தரைக்குழாய்தான்னு முடிவு பண்ணினா உயரத்தை இன்னிக்கே பேசிடுங்க. 50 மி.மீ. பலகை, 70 மி.மீ. ஸ்கிரீட், டைல்ஸும் பசையும் 20. மொத்தம் 140 மி.மீ., அஞ்சரை இஞ்ச். லிண்டல் மட்டம், வாசப்படி, பாத்ரூம் பள்ளம், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாமே முடிஞ்ச தரையிலிருந்து கணக்கு வைக்கணும். இதை மறந்துட்டா கடைசியில கதவோட அடியை அறுக்கணும்.

உடுமலை குழாய்

தம்பி, அந்த 4,20,000 கொட்டேஷன்ல எக்ஸ்.பி.எஸ். பலகையும் ஸ்கிரீட்டும் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. பெரும்பாலும் சேர்க்க மாட்டாங்க, "சிவில் வேலை உங்க பொறுப்பு"ன்னு கடைசி வரியில இருக்கும். 900 சதுர அடின்னா 84 சதுர மீட்டர். 70 மி.மீ. ஸ்கிரீட் கிட்டத்தட்ட 6 கன மீட்டர் வரும். ஒண்ணுக்கு நாலு கலவைக்கு 45 மூட்டை சிமெண்ட், 220 கன அடி எம்-சாண்ட். பலகை 1,250க்கு 600 மி.மீ. அளவுல 112, கழிவோட 118. குழாய் 16 மி.மீ., 150 மி.மீ. இடைவெளியில ஓட்டினா சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர், மொத்தம் 560. எல்லாச் சுற்றுக்கும் தண்ணியைப் பிரிச்சு விடற மேனிஃபோல்டுக்குப் போய் வர்றதையும் சேர்த்து 600 மீட்டர். ஒரு சுற்று 80 மீட்டருக்குள்ள இருக்கட்டும், நீளமானா பம்ப் திணறும், கடைசி மூலையில சூடு சேராது. அதனால ஏழெட்டு சுற்று வரும். நடுவுல ஜாயிண்ட் ஒண்ணு கூட இருக்கக் கூடாது, ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டுக் குழாய்.

குழாய் வாங்கும்போது ஒரு விஷயம். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள பெக்ஸ் அல்லது பி.இ.ஆர்.டி. பிளாஸ்டிக் குழாய்தான் வேணும். நடுவுல அலுமினியம் அடுக்கு உள்ள குழாயும் சரி. வழக்கமா வீட்டு வெந்நீருக்கு ஓட்டற சாதா பி.பி.ஆர். குழாய்ல காத்து உள்ளே ஊடுருவும். குளிக்கிற தண்ணிக்கு அது பிரச்சினையில்ல. அதே குழாயை ரேடியேட்டருக்கு ஓட்டினா, சுத்திச் சுத்தி வர்ற அதே தண்ணியில ஆக்சிஜன் சேர்ந்துட்டே இருக்கும், இரும்பு பேனல் உள்ளே இருந்து துருப்பிடிக்கும். கறுப்பு வண்டல் பம்ப்ல படியும். பேனல் ஓட்டையான பிறகுதான் தெரியும். ரேடியேட்டர் கொட்டேஷன் மலிவா வந்தா முதல்ல குழாய் பேரைப் பாருங்க.

அதே மாதிரி ஒழுகற சிஸ்டத்துல தானா தண்ணி நிரப்பற வால்வை வெச்சு மூடி மறைக்கக் கூடாது. புதுத் தண்ணி வரவர புது ஆக்சிஜன். துருத்தடுப்பு மருந்து கலந்து ஒரு தடவை நிரப்பி, பிரஷர் இறங்கினா ஒழுகலைத் தேடணும்.

வட்டவடை புதுமனை

ரொம்ப நன்றிண்ணே. பலகையும் ஸ்கிரீட்டும் நீங்க சொன்ன மாதிரியே கொட்டேஷன்ல இல்ல. சுவரை ஏ.ஏ.சி.க்கு மாத்திடறோம், கூரைக்கு மேஸ்திரி அண்ணன் சொன்ன ட்ரஸ் வழி. இதுக்கு அப்புறம் மாசாமாசம் கரண்ட் பில் எவ்வளவு வரும்?

வெப்பக்கணக்கு

நம்ம குளிர் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை, 90 ராத்திரின்னு வைப்போம். மத்தியானம் வெயில்ல 20 டிகிரிக்கு மேல போயிடும், சூடு தேவையே இல்ல. சாயங்காலம் 6ல இருந்து காலை 7 வரை 13 மணி நேரம், வெளியே சராசரி 10 டிகிரி. வித்தியாசம் 10 மட்டும்தான், அதனால 830 வாட் இழப்பு சராசரியா 550 ஆகுது. ஒரு அறைக்கு ராத்திரிக்கு 7.2 யூனிட் சூடு. மூணு அறை, 90 ராத்திரி: சுமார் 1,950 யூனிட் சூடு.

யூனிட் 8 ரூபாய்னு வெச்சுப் பாருங்க. சாதா ஆயில் ஹீட்டர்ல ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடு, சீசனுக்கு 15,600 ரூபாய். ஹீட் பம்ப் காத்துல இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே தர்றதால ஒரு யூனிட் கரண்டுக்குப் பல யூனிட் சூடு வரும். எவ்வளவுங்கறது தண்ணியை எத்தனை டிகிரிக்கு ஏத்தணும்ங்கறதைப் பொறுத்தது. தரைக்குழாய்க்கு 35 டிகிரி போதும், 3.6 மடங்கு, பில் 4,300. ரேடியேட்டருக்கு 55 டிகிரி, 2.6 மடங்கு, பில் 6,000. ஆக தரைக்குழாய் வருஷத்துக்கு மிச்சம் பண்றது 1,700 ரூபாய். கொட்டேஷன் வித்தியாசம் 1,85,000. பலகையும் ஸ்கிரீட்டும் சேர்த்தா அதுக்கு மேல. போட்ட காசு திரும்ப 100 வருஷத்துக்கு மேல ஆகும்.

வருஷத்துல ஏழெட்டு மாசம் ராப்பகலா சூடு ஓடற ஐரோப்பாவுல தரைக்குழாய் காசைத் திருப்பித் தரும். மூணு மாசம், அதுவும் ராத்திரி மட்டும் குளிர்ற நம்ம ஊர்ல தராது. லாபத்துக்காகத் தரைக்குழாய் போடாதீங்க. கால் சூட்டுக்காகப் போடறீங்கன்னா அது வேற கணக்கு.

அந்த 8 கிலோவாட் ஹீட் பம்பும் இப்ப அதிகம். 84 சதுர மீட்டருக்கு 53 வாட்னு பார்த்தா நாலரை கிலோவாட். 5 அல்லது 6 போதும். பெரிசா வாங்கினா அஞ்சு நிமிஷம் ஓடி அணைஞ்சு, திரும்ப ஓடி, கம்ப்ரஸர் ஆயுசு குறையும்.

மறையூர் மின்பணி

யூனிட் 8 ரூபாய்ங்கறதுல ஒரு எச்சரிக்கை. கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) வீட்டு இணைப்புல மாசம் 250 யூனிட் வரைக்கும்தான் படிப்படியா விலை ஏறும். 250ஐத் தாண்டினா முதல் யூனிட்ல இருந்தே மொத்தத்துக்கும் கூடுதல் ரேட். பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்றதால 500 யூனிட்தான் கோடு. மூணு ஆயில் ஹீட்டர் ஓடினா மாசம் 650 யூனிட் கூடும், உச்சபட்ச ரேட்டுல போய் உட்காரும். ஹீட் பம்ப்னா 180ல இருந்து 250. அது 180ல நின்னு வீட்டுச் செலவும் 70 யூனிட்டுக்குள்ள இருந்தா கோட்டை ஒட்டி நிக்கலாம், இல்லைன்னா அதுவும் தாண்டும். அதனால ஹீட்டருக்கும் பம்புக்கும் உள்ள உண்மையான பில் வித்தியாசம் மேலே சொன்னதை விடக் கூட.

இன்னொண்ணு, இணைக்கப்பட்ட லோடு 5 கிலோவாட் தாண்டினா த்ரீ ஃபேஸ் எடுக்கணும். கீசர் 2, இண்டக்ஷன் 2, மூணு ஹீட்டர் 6. வயரிங் போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

எல்லாத்தையும் விட மலிவான வழியை யாரும் சொல்லல. ஹாட் அண்ட் கோல்ட் இன்வர்ட்டர் ஏ.சி. ஒரு டன் மெஷின் 45,000ன்னு வெச்சா மூணு அறைக்கு 1,35,000. அதுவும் ஹீட் பம்ப்தான், மூணு மடங்குக்கு மேல கொடுக்கும். சீசனுக்கு 4,700 ரூபாய். பத்து நிமிஷத்துல அறை சூடாகும். ஆளில்லாத அறையை அணைச்சுடலாம்.

கோவிலூர் இல்லம்

ஏ.சி. கணக்கு சரிதான், ஆனா கேட்டது வயசானவங்களுக்கு. சூடான காத்து மேலேதான் போய் நிக்கும். 10 அடி உயர அறையில தலை உயரத்துல 23 டிகிரி காட்டும்போது தரை 16ல கிடக்கும். அம்மா தரையில உட்கார்ந்து காய் நறுக்கறவங்க, பாய் விரிச்சுப் படுக்கறவங்கன்னா அந்தச் சூடு அவங்களுக்குப் போய்ச் சேரவே சேராது. பனி பெய்யற விடியல்ல வெளி யூனிட்ல உறைபனி பிடிச்சா அதை உருக்க மெஷின் அஞ்சு நிமிஷம் சூட்டை நிறுத்தும். மூணாரைச் சுத்தி செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் தை மாசம் புல்லு வெள்ளையா உறையுது, அந்த மாதிரி விடியல்ல இது அடிக்கடி நடக்கும். வெளி யூனிட்டைத் தரையில வைக்காம ஒரு அடி உயரத்துல ஸ்டாண்ட் போட்டு வையுங்க, உருகின தண்ணி வடியணும்.

சூட்டுக்காகக் கரி நெருப்புச் சட்டியை மூடின அறையில வைக்கிற பழக்கம் இன்னும் மலையில இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். விறகுதான் வேணும்னா புகைக்குழாய் வெச்ச மூடின இரும்பு அடுப்பு. நல்லாக் காஞ்ச கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு கிலோவுக்கு 4 யூனிட் சூடு தரும். மூடின அடுப்பு அதுல பாதிக்கு மேல அறைக்குக் கொடுக்கும். திறந்த கணப்புல முக்காலே மூணு வீசமும் புகைக்கூண்டு வழியாப் போயிடும்.

உடுமலை குழாய்

அக்கா சொன்னதுல தரைச் சூட்டோட அருமை இருக்கு. ஆனா தரைக்குழாய்க்கு ஒரு குணம் உண்டு, அது மெதுவான ஆள். 70 மி.மீ. ஸ்கிரீட் ஒரு அறைக்கு ரெண்டு டன்னுக்கு மேல கனம். அதை 10 டிகிரி ஏத்தவே 6 யூனிட் சூடு வேணும், ஒன்றரை கிலோவாட்ல நாலு மணி நேரம். ராத்திரி 8 மணிக்குச் சூடு வேணும்னா மத்தியானமே போடணும். காலையில அணைச்சாலும் பத்து, பதினோரு மணி வரை தரை சூட்டைக் கக்கிட்டே இருக்கும், வெளியே வெயில் அடிக்கும். அந்தச் சூடு வீண். மேலே சொன்ன 1,700 ரூபாய் மிச்சமும் இதுல கரைஞ்சுடும்.

வெப்பக்கணக்கு

முழுக்க வீண்னு சொல்ல மாட்டேன். மத்தியானம் வெளிக்காத்து 20 டிகிரியில இருக்கும்போது ஹீட் பம்பை ஓட்டினா அதோட திறன் ராத்திரியை விட நல்லாக் கூடும். கூரையில சோலார் இருந்தா அந்தக் கரண்டை அப்பவே தரைக்குள்ள சேமிச்சு வைக்கலாம். ரெண்டு டன் ஸ்கிரீட் ஒரு பேட்டரி மாதிரி. ஆனா அதுக்குத் தரைக்குக் கீழே பலகை சரியா இருக்கணும், வீட்டுச் சூடு ஒழுகாம இருக்கணும். சோலார் இல்லாத வீட்டுக்கு நீங்க சொன்னதுதான் நியாயம்.

ரேடியேட்டர் பக்கமும் ஒரு தப்பு நடக்குது. பட்டியல்ல இரட்டைப் பேனல் 600 உயரம், 1,000 நீளம்னா ஏறத்தாழ 1,700 வாட்னு போட்டிருக்கும். அது தண்ணி 75 டிகிரியில போனா. ஹீட் பம்ப்ல 55 டிகிரி தண்ணி அனுப்பினா அதே பேனல் பாதிதான், 870 வாட். ஏ.ஏ.சி. சுவருக்கு மாத்தின உங்க அறைக்கு 830, ஒரு பேனல் சரியா இருக்கும். மாத்தாம கட்டியிருந்தா அறைக்கு மூணு பேனல் மாட்டியிருக்கணும்.

வட்டவடை புதுமனை

இப்பத் தெளிவா இருக்கு. தரைச் சூடு அப்பா அம்மா அறைக்கு மட்டும் போதும்னு தோணுது. ஒரு அறைக்காக ஹீட் பம்ப், மேனிஃபோல்ட் எல்லாம் வாங்கணுமா?

மறையூர் மின்பணி

வேண்டவே வேண்டாம். ஒரு அறைன்னா மின்சாரக் கேபிள் மேட், அதாவது சூட்டு வயர் கோத்த வலை. மத்த ரெண்டு அறைக்கு இன்வர்ட்டர் ஏ.சி. அந்த 3,60,000 அப்படியே மிச்சம்.

15.6 சதுர மீட்டர்ல கட்டில் பெட்டி, பீரோ, அலமாரி நிக்கற இடத்தைக் கழிச்சா 10 சதுர மீட்டர் வரும். அங்க மட்டும் சதுர மீட்டருக்கு 100 வாட் மேட், மொத்தம் ஒரு கிலோவாட். அறைக்கு வேண்டியது 830, தாராளம். கனமான ஸ்கிரீட் தேவையில்ல. 10 மி.மீ. சிமெண்ட் பூசின எக்ஸ்.பி.எஸ். பலகை, அதுமேல மேட், அதுமேல டைல் பசை, டைல்ஸ். தரை கனமில்லாததால சீக்கிரம் கால்ல சூடு தெரியும். ராத்திரிக்கு 7.2 யூனிட், 58 ரூபாய், சீசனுக்கு 5,200. பாத்ரூம்ல ரெண்டு, மூணு சதுர மீட்டருக்கு 150 வாட் மேட் போட்டா காலையும் மாலையும் சேர்த்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. தரையும் உடனே காயும், வயசானவங்க வழுக்கி விழற பயம் குறையும்.

பெற்றோர் தரையில மெத்தை போட்டுப் படுப்பாங்கன்னா அந்த இடத்தை மேட்ல இருந்து விட்டுடுங்க. மெத்தை சூட்டை வெளியே விடாது, அடியில வெப்பம் கட்டிக்கிட்டு ஏறும். கோரைப்பாய் பரவாயில்ல. ரப்பர் அடி வெச்ச கார்ப்பெட் கூடாது.

பழத்தோட்டம் மேஸ்திரி

டைல்ஸ் ஒட்டறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. நாலு மூலையில கலவை உருண்டை வெச்சு டைல்ஸைத் தட்டி உட்கார வைக்கிற வேலை இங்கே கூடாது. நடுவுல வெறும் காத்து நிக்கும், அந்த இடத்துல கேபிள் சூட்டை விட முடியாம வெந்து அறுந்துடும். சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டறதும் கூடாது. நெளிவு தாங்கற பாலிமர் பசையைப் பல் கரண்டியால இழுத்து, டைல்ஸோட அடி முழுக்கப் பசை பிடிக்கணும். ஒரு டைல்ஸை ஒட்டின உடனே திரும்பத் தூக்கிப் பாருங்க: முதுகு முழுக்கச் சாம்பல் நிறமா இருந்தா சரி, வெள்ளைத் திட்டு தெரிஞ்சா பசை பத்தல. கரண்டி பிளாஸ்டிக்கா இருக்கட்டும், இரும்புக் கரண்டியோட பல்லு வயர் தோலைக் கீறிடும்.

மறையூர் மின்பணி

கேபிள் சோதனை மூணு தடவை. பெட்டியைப் பிரிச்ச உடனே ஒண்ணு, விரிச்சு முடிச்சதும் ஒண்ணு, டைல்ஸ் ஒட்டினதும் ஒண்ணு. ஒரு கிலோவாட் மேட்னா 230 வோல்ட்டுக்கு மல்டிமீட்டர்ல 53 ஓம் பக்கத்துல காட்டணும். முடிவிலின்னு காட்டினா வயர் அறுந்திருக்கு. அதோட மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வெச்சு வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல கசிவு இருக்கான்னும் பார்க்கணும். டைல்ஸ் ஒட்டும்போது மீட்டரைக் கழட்டாம வெச்சிருங்க. யாராவது கரண்டியால வெட்டினா அந்த நொடியே முள் குதிக்கும். அந்த ஒரு டைல்ஸை மட்டும் எடுத்தாப் போதும்.

மேட்டைத் திருப்ப வலையை மட்டும் வெட்டலாம், சூட்டு வயரை எக்காரணம் கொண்டும் வெட்டவோ ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தவோ கூடாது. தரைச் சென்சாரை நேரடியாப் பசைக்குள்ள புதைக்காதீங்க. முனை அடைச்ச ஒரு கண்டியூட்டுக்குள்ள, ரெண்டு வயர் வரிசைக்கு நடுவுல விடுங்க. நாலஞ்சு வருஷத்துல சென்சார் போனா இழுத்துட்டுப் புதுசு தள்ளிடலாம், தரையை உடைக்க வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) இந்தச் சர்க்யூட்டுக்குத் தனியா. தெர்மோஸ்டாட்ல தரை உச்சவரம்பை 29ல பூட்டிடுங்க. பசை மூட்டையில எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள் காய்ஞ்ச பிறகுதான் முதல் தடவை ஆன் பண்ணணும். அவசரப்பட்டா பசை வெடிச்சு டைல்ஸ் கொட்டுக் கொட்டுன்னு சத்தம் போடும்.

வட்டவடை புதுமனை

ஏ.ஏ.சி. சுவர், ட்ரஸ்ஸுக்கு அடியில பலகை, இரட்டைக் கண்ணாடி, பெற்றோர் அறைக்கும் அவங்க பாத்ரூமுக்கும் கேபிள், மத்த ரெண்டுக்கு ஏ.சி.ன்னு முடிவு. அந்த அறையில தரை மட்டம் எவ்வளவு இறக்கணும் மேஸ்திரி அண்ணே?

பழத்தோட்டம் மேஸ்திரி

பலகை 10, பலகைக்கு அடியில பசை 3, மேட்டும் மேல் பசையும் 8, டைல்ஸ் 9. மொத்தம் 30 மி.மீ. மத்த அறையில டைல்ஸுக்கு என்ன கனம் விட்டீங்களோ அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் இறக்குங்க, நிலைப்படியில தட்டாது. மேட் விரிச்சதும், டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, ரெண்டு சுவர்ல இருந்தும் டேப்பை நீட்டி வெச்சு போட்டோ எடுத்துடுங்க. பின்னாடி கதவு ஸ்டாப்பர் அடிக்க ட்ரில் போடறவனுக்கு அந்தப் போட்டோவைக் காட்டணும். ஓம் அளவு மூணையும் தேதியோட எழுதி ஸ்விட்ச் போர்டு மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்க.